மார்க்கர் புள்ளி

அல்ட்ரா சென்ட்ரிஃபியூஜில் ஏற்றுமுன் குழாயின் வெளிச்சுவரில் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பேன். 1,00,000 ஜி விசையில் 70 நிமிடம் சுழன்றபின் எக்சோசோம்கள் அங்கேதான் படிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. புள்ளியை நம்பி மேலே நிற்கும் திரவத்தை உறிஞ்ச வேண்டியதுதான்.

30 முதல் 150 நானோமீட்டர் வரையான பைகள் இவை. 1980களில், செம்மறியாட்டின் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைக் கண்டபோது, செல் வெளியே கொட்டும் குப்பை என்றே கருதினார்கள். இன்று அந்தக் குப்பையில்தான் புற்றுநோயின் தடயத்தைத் தேடுகிறோம்.

சிக்கல் ரத்தம்தான். பிளாஸ்மாவில் கொழுப்புப் புரத உருண்டைகள் எக்சோசோம்களைவிடப் பல மடங்கு அதிகம்; சிலவற்றின் அளவும் ஏறக்குறைய அதே. டிபன் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்திருந்தால் இன்னும் மோசம். சுழற்றினால் வேண்டாத புரதமும் சேர்ந்து படியும். அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல் காலத்தில் விட்டால் அல்புமின் பின்தங்கிவிடும், ஆனால் பெரிய கொழுப்புருண்டைகள் கூடவே வரும். பாலிமர் கிட்டில் நிறைய கிடைக்கும். என்ன கிடைத்தது என்றுதான் சொல்ல முடியாது.

என்னிடம் இருந்தது ஒரு நோயாளியின் 2 மில்லி பிளாஸ்மா. அவர் இப்போது இல்லை, இன்னொரு தடவை கேட்க முடியாது. "எதுல நிறைய வருதோ அதைப் பண்ணுடா"ன்னு சீனியர் அக்கா சொன்னாங்க. நான் காலத்தில் விட்டேன். நுண்பைகளின் அடையாளப் புரதமான சிடி63 மங்கலாகத் தெரிந்தது. எண்டோசோமிலிருந்து பிறந்த பைகள்தான் என்பதற்கு அது மட்டும் சாட்சியாகாது. நோட்டில் 'எக்சோசோம்' என்று எழுதாமல் 'செல்வெளி நுண்பைகள்' என்று எழுதினேன். அக்காவுக்கு அது பிடிக்கலை.