பாட்டியின் அட்டையில் எழுதிய எண்கள்

எங்கள் தெருவில் பெரிய பிசியோதெரபி சென்டர் ஒன்று திறந்தபோது, என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி: "டாக்டரம்மா, உங்ககிட்ட லேசர் இருக்கா?" இல்லை. லோன் போட்டு வாங்கலாமா என்று ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் வாங்கியது கெட்டி அட்டைகள் ஒரு கட்டு. ஒவ்வொருவர் கையிலும் ஒன்று கொடுத்து, வரும்போதெல்லாம் மூட்டு எவ்வளவு அசைகிறது என்று அளந்து அதில் எழுதினேன்.

முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து ஒரு பாட்டி வந்தார். மகன் வீடு மாடியில். படி ஏறி இறங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்கு முட்டி ஏறத்தாழ 90 டிகிரியாவது மடங்க வேண்டும். மூட்டின் கோணத்தை அளக்கும் கோனியோமீட்டரின் நடுவை முட்டியின் வெளிப்பக்க எலும்பில் வைத்து, ஒரு கையைத் தொடை எலும்பின் மேல்முனை வெளிப்பக்க மேட்டை நோக்கியும் மறு கையை வெளிக் கணுக்காலை நோக்கியும் பிடித்தேன். 65. அடுத்த வாரம் 72. மூன்றாவது வாரத்திலிருந்து, உட்காருவதற்கு முன்பே அட்டையை நீட்டி, "இன்னிக்கு எத்தனை?" என்பார். வலியைப் பல்லைக் கடித்துத் தாங்கியதற்கு அந்த எண்தான் அவருக்குக் கூலி. மெஷினில் படுத்து எழுந்து போகிறவருக்கு இது கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

கிளினிக் தொடங்கிய புதிதில் நடந்த ஒன்று இன்னும் மனசை உறுத்துகிறது. சர்க்கரை நோய்க்காரர் ஒருவருக்குக் கணுக்காலில் வெந்நீர் ஒத்தடப் பை வைத்தேன். "சூடே தெரியல, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா" என்றார். வைத்திருந்தேன். மறுநாள் கொப்புளம். சூடு தெரியாததுதான் அபாயம் என்று படித்தவள் நான், அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு டெஸ்ட் டியூப், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் குளிர்ந்த நீர். கண்ணை மூடச் சொல்லித் தொட்டுப் பார்த்து, எது எதுவென்று சரியாகச் சொன்ன பிறகே ஒத்தடம்.

இடுப்பு வலி என்று வருபவரையும் கேள்வி கேட்காமல் கட்டிலில் ஏற்ற மாட்டேன். சிறுநீர் கழிக்கச் சிரமமா, தொடை இடுக்கில் மரத்துப்போகிறதா? ஆம் என்றால் அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்கு. கரண்ட் வைக்க வந்தவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நரம்புக் கொத்து நசுங்கியிருந்தால் நாள் கடத்துவது ஆயுசுக்கும் ஊனம்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அரை மணி நேரம் எனக்கே எனக்கு. கரண்ட் வைக்கும் ஐ.எஃப்.டி. மெஷினின் ஸ்பாஞ்சுகளை நனைப்பேன். காய்ந்திருந்தால் கரண்ட் ஓரிடத்தில் குவிந்து சுருக்கென்று குத்தும். வயர்களை விரலால் தடவி வெடிப்பு பார்ப்பேன். இன்வெர்ட்டருக்குத் தண்ணீர்.

அட்டையில் 105 ஏறிய அன்று பாட்டியிடம், "இனி வர வேண்டாம், இந்த ரெண்டு பயிற்சி மட்டும் வீட்டில் போதும்" என்றேன். இன்னும் பத்து சிட்டிங் என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். அந்த மாத வாடகைக்கும் அது உதவியிருக்கும்.

நாலு மாதம் கழித்து, தோள் இறுகிப்போன தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்தார். கட்டிலைப் பார்த்து நகர்ந்த தங்கையை நிறுத்தி, "இருடி, முதல்ல கை எவ்வளவு தூக்கறேன்னு அளப்பாங்க" என்றார்.