முடிச்சுப் போட்ட கயிறு

போன மாதம் ஊர் வீட்டுப் பரணை ஒழித்தபோது, பித்தளை அண்டாவுக்குள் சுருண்டு கிடந்தது அந்தச் சணல் கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு. பத்து முடிச்சுக்கு ஒரு சிவப்புத் துணி. துணி வெளுத்துப் போயிருந்தது, முடிச்சுகள் அப்படியே இருந்தன.

1995. ஆத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டாங்காட்டுக் கிராமம். ஒன்பதாம் வகுப்பில் நாங்கள் ஐந்து பேர். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு தொடங்கி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. உங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, நீங்களே அளந்து, நீங்களே எழுதி வாருங்கள் என்பதுதான் அதன் முக்கிய விதி. அதுவரை நாங்கள் செய்த சோதனைகளுக்கெல்லாம் விடை புத்தகத்திலேயே இருந்தது. இதற்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் விடை கிடையாது. கிணற்றில்தான் இருந்தது.

பன்னிரண்டு கிணறு. ஞாயிறுதோறும் போவோம். குழவிக்கல் துண்டைக் கட்டிக் கயிற்றை இறக்குவோம். கல் தண்ணீரைத் தொடும் இடம் ஒரு கணக்கு, சேற்றில் போய் உட்காரும் இடம் இன்னொரு கணக்கு. நடுவில் உள்ளதுதான் நீர். முடிச்சு எண்ணுவது நாங்கள், நோட்டில் எழுதுவது எங்கள் குழுத் தலைவி. அவள் எழுதிய 7 என்ற எண்ணுக்கு ஒரு சின்னக் கொக்கி இருக்கும். மழை நின்று இரண்டு வாரம் ஆன பிறகும் ஏரிக்குக் கீழே இருந்த கிணறுகளில் மட்டும் நீர் ஏறிக்கொண்டே இருந்ததை முதலில் பார்த்தவள் அவள்தான். பெரியவர்கள் 'ஏரி ஊத்து' என்று சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் எண்ணாக அதைப் பார்த்தபோது எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது.

மாவட்ட மாநாட்டில் நடுவராக வந்திருந்தவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கயிற்றைக் கையில் எடுத்தார். "நனைஞ்சாலும் இது இதே நீளம்தான் இருக்குமா கண்ணு?"

யாருக்கும் தெரியவில்லை. "அளந்து பார்க்கலைங்க சார்" என்றாள் அவள். நாங்கள் மாநிலப் போட்டிக்குத் தேர்வாகவில்லை. அன்று இரவே கயிற்றைத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டோம். காலையில் அளந்தால், பத்து முழத்துக்கு நாலு விரல் குறைந்திருந்தது! நார் தண்ணீரைக் குடித்துப் பருக்கும்போது முறுக்கு இறுகிக் கயிறு குட்டையாகிவிடுகிறது. அப்படியென்றால் வாரக்கணக்காக, கிணற்றில் இல்லாத தண்ணீரை நாங்கள் நோட்டில் எழுதியிருக்கிறோம். பரிசு பெற்றவர்களுக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைத்தது என்றே இன்றும் நினைக்கிறேன்.

எங்கள் தலைவியை நினைக்கும்போதெல்லாம் கணித மேதை ராமானுஜன் நினைவுக்கு வருகிறார். கும்பகோணம் கல்லூரியில் கணக்கு தவிர மற்ற பாடங்களில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். பிறகு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை. 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கணக்கு அவருக்கு முன்பே வந்துவிட்டது. அந்த 75 ரூபாய் கொடுத்தது நாள் முழுக்கக் கணக்குப் போடும் நேரத்தை. ஏழைப் பிள்ளைக்கு உதவித்தொகை என்றால் நேரம்தான். காட்டு வேலைக்குப் போகாமல் படிக்கக் கிடைக்கும் நேரம்.

அந்த நேரம் எங்கள் தலைவிக்குக் கிடைக்கவில்லை. பத்தாம் வகுப்பில், தேறினால் உதவித்தொகை தரும் தேசியத் திறனாய்வுத் தேர்வுக்கான விண்ணப்பம் பள்ளிக்கு வந்திருக்கிறது, மேசை இழுப்பறையில் இருந்திருக்கிறது. நாள் கடந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அவள் தேறியிருப்பாளா, சொல்ல முடியாது. எழுதியிருக்க வேண்டும். இப்போது ஊர்ப் பால் சங்கத்தில் இருக்கிறாள். கயிற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் முடிச்சை எண்ணினாள். பிறகு, "ஈரமா இருக்குதா, காஞ்சிருக்குதா?" என்று கேட்டாள்.

1963-இல் தொடங்கிய அந்தத் திறனாய்வுத் தேர்வு 2021-க்குப் பிறகு நடக்கவில்லை. பதினொன்றாம் வகுப்பிலேயே அறிவியல் பிள்ளைகளை அடையாளம் கண்டு, பட்டப்படிப்பில் மாதம் 5,000 ரூபாய் கொடுத்த கிஷோர் வைஞானிக் புரோத்சாகன் யோஜனாவும் 2022-இல் நின்றுவிட்டது. இரண்டையும் நிறுத்தியது தவறு. மீதமிருப்பதில் ஒன்று இன்ஸ்பையர் மாணக் விருது. ஆறாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் தங்கள் யோசனையை அனுப்பலாம். தேர்வானால் 10,000 ரூபாய் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் பிள்ளை தானாக விண்ணப்பிக்க முடியாது, பள்ளிதான் இணையத்தில் பதிய வேண்டும். ஒரு பள்ளி ஐந்து யோசனைகள் வரை அனுப்பலாம்.

தலைமையாசிரியர்களே, இந்த ஆண்டு அந்த ஐந்து இடங்களில் ஒன்றையும் காலியாக விடாதீர்கள்.