எங்க வீட்டுப் பட்டு

எங்க தாத்தா உபதேசியார். பாலாற்றுக்குத் தெற்கே, காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிள் மிதித்தால் ஒரு மணி நேரத்தில் வருகிற சேரி எங்களுடையது. அவர் விட்டுப்போன சொத்து ஒரு பிடில். நிலம் இல்லை, பத்திரம் இல்லை, பிடில் இருந்தது. வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை அதில் வாசித்துத்தான் சனங்களுக்குப் பாடச் சொல்லிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு நைனா வாசித்தார். பகலெல்லாம் அடுத்தவன் கழனியில் சேறு மிதித்துவிட்டு, ராத்திரி கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார்.

1986 டிசம்பர். கிறிஸ்துமசுக்கு மூணு வாரம் இருந்தது. நைனா பிருடையைத் திருகிச் சுருதி சேர்க்கும்போது 'டப்'பென்று சத்தம். குதிரை தெறித்து ஆயா மடியில் விழுந்தது. நாலு கம்பியும் தொங்கிப்போச்சு. தூக்கி ஆட்டினால் வயிற்றுக்குள்ளே ஏதோ உருளுகிறது.

"உங்க தாத்தா இப்பதான்டா செத்தாரு" என்று ஆயா அழுதாள்.

மறுநாள் நானும் நைனாவும் டவுனுக்குப் போனோம். கோயில் பக்கத்தில் வாத்தியம் பழுது பார்க்கிற கடை. கடைக்காரர் பெட்டியை வாங்கக் கையை நீட்டினார். நீட்டிக்கொண்டே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

நைனா ஊர்ப் பேரைச் சொன்னார்.

"ஊரா, காலனியா?"

"காலனிதாங்க."

நீட்டிய கை மடங்கிப் போச்சு. "படியிலயே வை. தோல் வேலைன்னா உங்க ஆளுங்க செய்வீங்க. பிடில் எதுக்கு உங்களுக்கு? இது ஆவாது, எடுத்துக்கினு போ." பெட்டியை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதே கடையின் பின்கட்டில் ஒருவர் உட்கார்ந்து மிருதங்கத்துக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பின்னாலேயே ஓடி வந்தார். "தம்பி, நில்லு. நானும் நம்ம ஆளுதான்." ஒரு வேப்பமரத்தடியில் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மரம் ஒண்ணும் ஆவல. கம்பியெல்லாம் புடிச்சிக்கினு இருக்குதே இந்தக் கட்டை, அதை அடிக்குமிழோட கட்டியிருக்கிற வளையம் அறுந்துபோச்சு. ஆட்டுக்குடல் நரம்பு. பழசு, இத்துப்போச்சு. உள்ள உருள்றது ஒரு குச்சி. அதுக்குப் பசை கிடையாது. மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் நடுவுல சும்மா நெருக்கி நிக்கும். கம்பி இறுக்கம் போச்சுன்னா விழுந்துடும். அதை நிறுத்தாம கம்பியை ஏத்திடாத, மேல் பலகை வெடிச்சிடும்."

சைக்கிள் போக்ஸ் கம்பி ஒன்றை வளைத்து, பிடிலின் பக்கத் துவாரம் வழியாகக் குச்சியைக் குத்தி நிறுத்துவது எப்படி என்று காட்டினார். குதிரையின் மெல்லிய கம்பிப் பக்கத்துக் காலுக்குக் கொஞ்சம் பின்னால் அது நிற்க வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் குச்சிக்கு 'ஆன்மா' என்றே பேர் வைத்திருக்கிறார்கள் என்று பிற்காலத்தில் படித்தேன். வளையத்துக்கு என்ன செய்வது என்று நைனா கேட்டார். "நீளாத எதுவும் ஆவும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் கூப்பிடுகிற குரல் கேட்டு ஓடிப் போனார். பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போ பன்னிரண்டு வயசு. பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறியில் கோர்வைப் பையன். நைனா வாங்கிய எழுநூறு ரூபாய் முன்பணத்துக்கு நான் அடமானம். கோர்வைச் சேலைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். நெய்கிறவர் ஒரு பக்கம் நாடா போட, எதிர்ப்பக்கக் கரைக்குப் பையன் போட வேண்டும். 1986இல்தான் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் வந்தது. எங்கள் தறி ஒரு வீட்டுக்குள் இருந்தது. சட்டம் அந்த வாசல்படி ஏறவில்லை.

பாவு முடிந்து சேலை அறுத்த பிறகு தறியில் மிச்சமாக நிற்கிற துண்டு இழைகளைக் கேட்டேன். முதலாளி தராசில் போட்டு நிறுத்தார். பட்டுக்கு அங்கே எல்லாமே நிறைதான். அந்த வாரக் கூலியில் கழித்துக்கொண்டார். திருடினதில்லை, என் கூலிக்கு வாங்கினது.

நாற்பது இழையை ஒன்றாக முறுக்கி, இரண்டாக மடித்து மறுபடி முறுக்கி, தேன்மெழுகு தேய்த்தேன். வளையம் போட்டுக் கம்பி ஏற்றினோம். காலையில் பார்த்தால் சுருதி மொத்தமும் இறங்கிக் கிடந்தது. பட்டு வழுக்கும், முடிச்சு நழுவிவிட்டது. மறுபடி கழற்றினோம். குச்சியும் மறுபடி விழுந்தது. இந்த முறை முடிச்சின் கழுத்தை மெல்லிய நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டினேன். நின்றது. கிறிஸ்துமஸ் ராத்திரி நைனா வாசித்தார். ஆயா வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எத்தனையோ பேர் கல்யாணத்துக்கு நான் பட்டு நெய்தேன். எங்க வீட்டுக்குள் வந்த முதல் பட்டு அதுதான்.

நரம்பு என்றால் உடம்பில் ஓடுவது. யாழின் தந்திக்கும் தமிழில் நரம்பு என்றுதான் பேர். தோலையும் குடலையும் சுத்தம் செய்து நாதமாக்கிய கை யாருடையது என்று அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். பெரும்பாணாற்றுப்படை, பேரியாழ் வைத்திருந்த பாணனைக் காஞ்சியில் இருந்த இளந்திரையனிடம்தான் வழி அனுப்புகிறது. பிறகு என்ன ஆனது? பெரியபுராணத்தைப் பாருங்கள். மதுரையில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வாசிக்கும்போது, ஈரத்தில் யாழ் கெட்டுவிடக் கூடாது என்று பொற்பலகை போடச் சொல்கிறார் கடவுள். திருவாரூரில் அதே பாணருக்கு வடக்கே வேறு வாசல் திறக்கிறார். யாழுக்குப் பொன் பலகை, ஆளுக்குத் தனி வாசல்.

மிருதங்கம் செய்கிற தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. விழா வேறு இடத்தில் நடந்தது. படித்தபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்த அந்த மனுசன்தான் கண்ணுக்குள் நின்றார். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அது கோயிலுக்குள் போகும். அவர் பின்கட்டில் இருப்பார்.

பிடில் இப்போ என்னிடம் இருக்கிறது. வளையம் நைலானுக்கு மாறிவிட்டது. பழைய பட்டைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். பக்கத்துக் காலனிகளில் பிடில், கிதார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் பழுதானால் என்னிடம் கொண்டு வருகிறார்கள். அந்தப் போக்ஸ் கம்பியால்தான் இன்னும் குச்சி நிறுத்துகிறேன். போன மாசம் ஊர்த்தெருப் பையன் ஒருவன் வந்தான். வாசலில் நின்றுகொண்டு, பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் படியைப் பார்த்தான்.

"உள்ள வாப்பா" என்றேன். "மடியில வை."