ஓய்வும் ஒரு கலை

பெரம்பலூரில் என் இல்லம். அரியலூரில் நான் ஆசிரியராகப் பணியாற்றிய பள்ளி. இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நாள்தோறும் பேருந்தில் சென்று மீள்வேன். கரிசல் நிலத்துப் பருத்தியும், சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளும் என் வழித்துணை.

ஓராண்டு, தேர்வு நெருங்கிய காலம். நள்ளிரவு வரை விடைத்தாள்களைத் திருத்துவேன். விளக்கை அணைத்த பின்னரும் உறக்கம் வாராது. உடல் பாயில் கிடக்கும்; மனமோ வகுப்பறையில் உலவும். விடிந்தால் கண்கள் எரியும். சிறு ஓசையும் சினத்தை மூட்டும். ஒருநாள், பாடத்தை மீண்டும் விளக்குமாறு வேண்டிய மாணவன் ஒருவனைக் கடுஞ்சொல்லால் சுட்டேன். அதன்பின் அவன் என்னிடம் ஐயம் எதுவுமே கேட்கவில்லை. அம்மௌனம் என்னை வாட்டியது.

என் அண்டை வீட்டுப் பெரியவர் என் நிலையைக் கண்டார். "தம்பி, நீங்கள் படுக்கிறீர்கள், ஆனால் இளைப்பாறவில்லை. மாலையில் வாருங்கள்" என்றார்.

மாலையில் சென்றேன். கைகால்களை அகற்றி, உள்ளங்கை மேல்நோக்க, மல்லாந்து படுக்கச் செய்தார். கண்களை மூடச் சொன்னார். "வலக்காற் பெருவிரலை நினையுங்கள்; அதனைத் தளர விடுங்கள்" என்று தொடங்கி, ஒவ்வோர் உறுப்பாகத் தலைவரை மெல்லிய குரலில் வழிநடத்தினார். நான் பாதியிலேயே குறட்டை விட்டேன்! அவர் நகைத்து, "உறக்கமும் நன்றே, ஆயினும், இது விழித்திருந்தே கொள்ளும் ஓய்வு. நாளையும் வாருங்கள்" என்றார்.

இம்முறை புதியதன்று. சவாசனம் களைப்பை நீக்கி மனத்தை அமைதியுறச் செய்யும் என்று அடயோகப் பிரதீபிகை என்னும் பழைய வடமொழி நூல் கூறுகிறது. நம் பத்தமடையில் 1887-இல் பிறந்து, மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர்த் துறவு பூண்டவர் சுவாமி சிவானந்தர். அவருடைய மாணவர் சத்தியானந்தர், குரல்வழி நடத்தும் இப்பயிற்சியை 'யோக நித்திரை' என்னும் பெயரால் பரப்பினார். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனும், தசைகளை இறுக்கித் தளர்த்திப் பழகும் முறையை 1929-இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார்.

நம் நரம்புகளுள் ஒரு பகுதி உடலை முடுக்குவது. மற்றொரு பகுதி அமைதிப்படுத்துவது. தசைகள் தளர்ந்து மூச்சு சீராகும்போது பின்னதன் செயல் ஓங்குகிறது. நெஞ்சத் துடிப்பு தணிகிறது, மனமும் அடங்குகிறது.

சில வாரங்களில் எனக்கு நல்லுறக்கம் வாய்த்தது. பெரியவரின் குரல் இன்றியும் பயிற்சி செய்யக் கற்றேன். ஒருநாள் அம்மாணவனை அழைத்து, "அன்று நான் சினந்தது தவறு" என்றேன். அவன் சற்றே தயங்கி, மறந்துவிடாமல் வைத்திருந்த அதே ஐயத்தைக் கேட்டான்! நான் மகிழ்ந்து விளக்கினேன்.

மாணவர்களே, ஓய்வு சோம்பலன்று. அது படிப்புக்கு ஈடாகாது; நோய்க்கு மருத்துவரையே நாட வேண்டும். ஆயினும், நாளும் கால் மணி நேரம் உடலையும் உள்ளத்தையும் தளர்த்தப் பழகுங்கள். களைத்த மனம் பிறரையும் வருத்தும். இளைப்பாறிய மனமோ பிறர் சொல்லைச் செவிமடுக்கும்.