காசு கொடுக்கும் விருந்தாளி

திருக்குறளில் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. இஸ்லாம் பாடத்தில் இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் படிக்கிறோம். முன்பின் அறியாதவர்கள் வாசலில் வந்து நின்றபோது, யார், எவர் என்று குடைந்து விசாரிக்காமல், சந்தடியின்றி உள்ளே போய்ப் பொரித்த கன்றைக் கொண்டுவந்து அவர்கள் முன் வைத்தார்கள். வந்தவர்கள் மலக்குகள் என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் நபி (ஸல்) அவர்களும் விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு சேர்த்தே பேசியிருக்கிறார்கள்.

இந்தப் பாடங்களில் வரும் விருந்தாளி காசு கொடுப்பதில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி கொடுக்கிறார். அப்படியானால் உம்மா செய்வது விருந்தோம்பலா, வியாபாரமா? வகுப்பில் ஒரு தோழி இதை விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் எங்கள் குடும்பத்தில் அது விளையாட்டான கேள்வி அல்ல.

பொத்துவிலுக்குத் தெற்கே மூன்று கிலோமீற்றர் அளவில், களப்புப் பாலத்தைக் கடந்தால் அறுகம்குடா. அலைச்சறுக்கு விளையாடுவோர் உலகின் பல பாகங்களிலிருந்தும் தேடி வரும் இடம் அது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை முனையைச் சுற்றி அலை நீளமாக உருண்டு வரும். அதன் பிறகு மாரி. கடல் கலங்கிவிடும், வீதி வெறிச்சோடிவிடும். ஆறு மாதம் உழைத்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் முதற்கணக்கு.

எங்களிடம் இருப்பவை மூன்று கபானாக்கள் மட்டுமே. உம்மாவுக்குச் சீதனமாகக் கிடைத்த வளவில், யுத்தம் முடிந்த பிறகு வாப்பா கட்டியவை. இரண்டு தரையில் நிற்கின்றன. மூன்றாவதை நாங்கள் ‘பரண்’ என்போம். முற்றத்து வேம்போடு சேர்த்து, மரக்கால்களை நட்டு, ஏணி வைத்து, இலுக்கால் வேய்ந்தது. அந்த யோசனை எங்கிருந்தும் இரவல் வாங்கியதல்ல. வாப்பாவின் வாப்பா பாணமைப் பக்கக் காடுகளில் சேனை செய்தவர். யானை வரும் இரவுகளில் பரணில் ஏறியிருந்து, நெருப்பு மூட்டி, தகரம் தட்டி விடியும்வரை காவல் இருந்தவர். “அவர் யானைக்குப் பயந்து ஏறின பரணில ஏறிப் படுக்க இவங்க காசு தாறாங்க” என்று உம்மா சிரிப்பார். சிரித்தாலும், எங்களிடம் இருப்பது வேறு எவரிடமும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். குளிரூட்டிய அறை வீதியெங்கும் கிடைக்கும். வேப்பங்காற்றும், தூரத்தில் கடல் இரைச்சலும், அந்தப் பரணின் கதையும் எங்கள் வளவில்தான் கிடைக்கும்.

ஆனால் பரணைப் பார்த்து வருகிறவர்கள் ஒருமுறைதான் வருவார்கள். மறுமுறை வருவது உம்மாவுக்காக.

அலைச்சறுக்குக்காரர்கள் விடியுமுன் எழுபவர்கள். காற்று அடங்கிக் கடல் வழவழப்பாக இருக்கும் நேரம் அதுதான். உம்மாவும் ஸுபஹுக்கு எழுபவர். தொழுதுவிட்டுப் பிளேன்டீ ஊற்றி, வாழைப்பழமும் றொட்டியும் வைத்துவிடுவார். கூரையில் பலகைகளைக் கட்டிய ஓட்டோவோடு வாப்பா தயாராக நிற்பார். பாறையில் வெட்டுப்பட்டு வருபவரைப் பொத்துவில் வைத்தியசாலைக்குக் கொண்டு போவதும் அவர்தான். திரும்பி வரும்போது இடியப்பமோ பிட்டோ சூடாக இருக்கும்.

உம்மாவிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. இடப்பக்கம் வரவு செலவு. வலப்பக்கம் விருந்தாளிகள். இவருக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. இந்தப் பிள்ளை உறைப்புத் தின்னாது. இவர் தேத்தண்ணிக்குச் சீனி போடமாட்டார். இந்த மனிசிக்குப் போன வருடம் தாய் மௌத்தாகிவிட்டார், கேட்டு விசாரிக்க வேண்டும். இரண்டு வருடம் கழித்து வருபவரின் முன் சீனியில்லாத தேத்தண்ணி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! உம்மாவுக்கு இங்கிலீஷ் நாலைந்து சொற்கள்தான் தெரியும். மிச்சத்தை அந்தக் கொப்பி பேசிவிடும்.

எங்கள் வளவில் மது இல்லை. முற்றத்தில் கொஞ்சம் மரியாதையான உடுப்போடு நடமாட வேண்டும். இதை முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுகிறோம். அதைக் கேட்டுச் சிலர் வராமல் விடுவார்கள். சீசன் நேரத்தில் ஒரு கபானா வெறுமையாகக் கிடந்தால் மனம் பதைக்கத்தான் செய்யும். ஆனால் அதே காரணத்துக்காக எங்களைத் தேடி வருபவர்களும் இருக்கிறார்கள்: சின்னப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், தனியாகப் பயணம் செய்யும் பெண்கள். ஒரு தாய் இருக்கும் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினோம் என்று அவர்கள் எழுதிவிட்டுப் போவதை நான்தான் உம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவேன்.

இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2019 எங்களுக்குக் காட்டியது. அதற்கு முந்திய வருடம் இலங்கைக்கு 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்திருந்தார்கள். அந்த நம்பிக்கையில் கிடுகும் இலுக்கும் மாற்றி, மெத்தைகளும் புதிதாக வாங்கியிருந்தோம். ஏப்ரல் 21 அன்று உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஒரு கிழமைக்குள் எங்கள் முன்பதிவுகள் அத்தனையும் இல்லாமற் போயின. அது நாடு முழுவதற்கும் நேர்ந்தது. எங்களுக்கு மேலதிகமாக இன்னொரு பாரம். பெயரைக் கேட்டதும் ஆட்கள் முகத்தைப் பார்க்கும் காலம் அது. இனி யார் ஒரு முஸ்லிம் வீட்டில் வந்து தூங்குவார்கள் என்று வாப்பா கேட்டார். உம்மா பதில் சொல்லவில்லை. அந்த ரமழானில் கஞ்சிப் பானையை இறக்கிவிட்டு, வெறுமையாகக் கிடந்த பரணை ஒவ்வொரு நாளும் கூட்டினார்.

பல வருடங்களாக வரும் ஒரு ஜேர்மன் தம்பதியிடமிருந்துதான் முதற் செய்தி வந்தது. அறை இருக்கிறதா என்று அவர்கள் கேட்கவில்லை. உம்மா சுகமா, பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்களா என்று கேட்டிருந்தார்கள். ஓகஸ்டில் வந்தும் விட்டார்கள். ஹஜ்ஜுப் பெருநாளன்று எங்களோடு பாயில் அமர்ந்து புரியாணியும் வட்டிலப்பமும் சாப்பிட்டார்கள். அன்றைய சாப்பாட்டுக்கு உம்மா காசு வாங்கவில்லை. அவர்கள் வற்புறுத்தவும் இல்லை. எது அறை வாடகை, எது பெருநாள் என்பது இரண்டு பக்கத்தாருக்கும் தெரிந்திருந்தது.

அதன் பிறகு கொரோனா. 2021இல் நாடு முழுவதற்கும் வந்த பயணிகளே 2 இலட்சத்துக்குள்தான். அடுத்த வருடம் எரிபொருள் வரிசை. வாப்பாவின் ஓட்டோ வீட்டில் நின்ற நாட்கள்தான் அதிகம். அந்த ஆண்டுகளில் உம்மா இடியப்பம் அவித்து விற்றார். கபானாக்கள் இரண்டு மாரிகளைப் புது இலுக்கு இல்லாமலே தாங்கின.

அப்போதுதான் ஒரு வெளியூர் முதலாளி வந்தார். வளவை நீண்ட காலக் குத்தகைக்குக் கேட்டார். மூன்று மாடி, குளிரூட்டிய அறைகள், மாதம் தவறாமல் பணம். மாமா கொடுத்துவிடச் சொன்னார். “பொம்புளப் புள்ளைய வெச்சிக்கிட்டு எத்தின காலத்துக்கு ஊராக்களுக்குத் தேத்தண்ணி ஊத்தப் போறா?” என்பது அவருடைய கேள்வி. அதில் அக்கறையும் இருந்தது. உம்மாவின் முழங்கால் வலியை அவரும் பார்க்கிறார். சீசனில் உம்மாவுக்கு ஒரு நாள்கூட ஓய்வில்லை என்பதும், களைத்த நாளிலும் சிரித்த முகம் காட்ட வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. அன்போடு செய்யும் வேலை உடம்பை நோகடிக்காது என்று நான் எழுதினால் அது பொய்.

உம்மா ஒரு கிழமை யோசித்தார். பிறகு சொன்னார்: “வளவு என்ட பேர்ல இருக்கு. நாளைக்கு இவட பேருக்கு வரும். குத்தகைக்குக் குடுத்தா சல்லி வரும். ஆனா இது நம்மட வீடா இருக்காது. நம்மட வீட்டுலயே நாம ஒதுங்கி நிக்கணும்.” வெளியே வேலைக்குப் போக வழியில்லாத ஒரு பெண், தன் குசினியையும் முற்றத்தையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தை நிமிர்த்தியிருக்கிறார். அந்த முற்றத்தைக் கொடுத்துவிட்டால் அவரிடம் மிஞ்சுவது மாதப் பணமும் முழங்கால் வலியும்தான்.

குத்தகை நடக்கவில்லை. ஆனால் மாமாவின் பேச்சு வீணாகவும் இல்லை. இப்போது பக்கத்து வீட்டுத் தாயொருவர் சீசனில் சம்பளத்துக்கு வந்து உதவுகிறார். இரவு பத்து மணிக்குப் பின் அவசரம் தவிர உம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது என்று ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன். இணையத்தளங்கள் வழியாக வரும் பதிவுகளுக்குத் தரகுப் பணம் போய்விடுவதால், பழைய விருந்தாளிகளோடு நேரடியாகத் தொடர்புகொள்ளும் பொறுப்பை நான் எடுத்திருக்கிறேன். நான்காவது கபானா கட்டுவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். உம்மாவின் கொப்பியில் எத்தனை பேரை நினைவு வைக்க முடியுமோ அத்தனை பேருக்குத்தான் எங்கள் வளவில் இடம்.

தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான். காசு வாங்குவதில் இழிவில்லை. எங்கள் நபி (ஸல்) அவர்களும் வியாபாரம் செய்தவர்கள்தான். அறைக்கும் சாப்பாட்டுக்கும் நியாயமான விலை உண்டு, அதை வாங்குகிறோம். ஒருவரின் தாய் மௌத்தானதை நினைவு வைத்துக் கேட்பதற்கு விலை போட முடியாது. அதை உம்மா போட்டதும் இல்லை. கொப்பியின் இடப்பக்கத்தைக் கூட்டிப் பார்க்க எனக்குத் தெரியும். வணிகப் பிரிவில் அதைத்தான் படிக்கிறேன். வலப்பக்கத்தை எழுதுவதற்கு இன்னும் உம்மாவிடம்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.