தறி ஏறும் முன்னே

போச்சம்பள்ளியில் தறிச் சத்தம் கேட்டு ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் பார்ப்பது கடைசி வேலையைத்தான். இக்கத் துணியில் பூவும் கட்டமும் நெய்யும்போது உருவாவதில்லை. நூல் நூலாக இருக்கும்போதே, சாயத்தில் அவற்றின் இடம் முடிவாகிவிடுகிறது. குர்தாத் துணி நெய்வதைப் பார்க்கத்தான் போயிருந்தேன். ஆனால் பாதி நாள் தறிப்பக்கமே போகாமல் திண்ணையில் கழிந்தது.

ஹைதராபாத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். 1951இல் வினோபா பாவேயிடம் வெதிரே ராமச்சந்திர ரெட்டி 100 ஏக்கர் நிலம் தந்த ஊர் இது. அந்த நிலக்கொடையால் பூதான் போச்சம்பள்ளி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

திண்ணையில் நான் போன வீட்டு அம்மா ஊடை நூலை, அதாவது குறுக்கு நூலை, சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார். சாயம் ஏறக் கூடாத இடங்களில் சைக்கிள் டியூபை நறுக்கிய ரப்பர் கீற்றுகளை இறுக்கிச் சுற்றிக்கொண்டே போனார். வெள்ளையாக நிற்க வேண்டியதைக் கட்டிச் சிவப்பில் முக்க வேண்டும். பிறகு சிவப்பாக நிற்க வேண்டியதையும் கட்டிக் கருப்பில் முக்க வேண்டும். கட்டு தளர்ந்தால் சாயம் உள்ளே கசிந்துவிடும். "இங்கே கை சோர்ந்தால் தறியில் சரிசெய்ய முடியாது, அக்கா" என்றார், தெலுங்கும் தமிழும் கலந்து.

கட்டுவதற்கும் முந்தியது ஆசு. அரைவட்டமாக ஆணிகள் அடித்த சட்டத்தில், ஊடை நூலை ஒவ்வோர் ஆணிக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு புடவைக்குச் சுமார் 9,000 முறை கை இப்படிப் போய் வரும். காலங்காலமாகப் பெண்கள் செய்துவந்த வேலை இது. தன் தாய் லட்சுமி தோள்வலியோடு இதைச் செய்வதைக் கண்டு வளர்ந்த சிந்தகிந்தி மல்லேசம் 1999இல் ஆசு இயந்திரத்தை உருவாக்கி, அதற்குத் தாயின் பெயரையே வைத்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தத் தொழிலில் நடந்த மாற்றங்களில் நான் முதலில் சொல்வது இதைத்தான். புது வடிவமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தத் தோள்களைப் பற்றியும் எழுத வேண்டும்.

சாயம் காய்ந்து கட்டவிழ்த்த நூலைத் தார்க்குச்சிகளில் வரிசை மாறாமல் சுற்றுகிறார்கள். ஒரு தார் இடம் மாறினாலும் பூ உடைந்துவிடும். குழித்தறியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கணவர் ஒவ்வோர் இழை ஓடியதும் அதைச் சற்றே இழுத்தோ தளர்த்தியோ முந்தைய இழையோடு பொருத்தினார். அப்படியும் மயிரிழை விலகல் இருக்கும். அதனால்தான் பூவின் ஓரம் இறகுபோல் சிலிர்த்திருக்கிறது. அந்தச் சிலிர்ப்பை அச்சில் அப்படியே போட்டு, இக்கத் குர்தா என்று மலிவாக விற்கிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள்: நூலிலேயே நிறம் ஏறியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், மேலே அச்சடித்தது பின்பக்கம் வெளிறிவிடும்.

பாவிலும் (நெடுக்கு நூலிலும்) ஊடையிலும் கட்டுப்போடும் இரட்டை இக்கத்தோடு ஒப்பிட்டால், இங்கே குர்தாவுக்கு நெய்த துணி எளியது. பாவு ஒரே நிறம், ஊடையில் மட்டும் கட்டு. எளியது என்று யாரும் அதைத் தாழ்த்த வேண்டாம். பட்டுப்புடவை பெட்டியில் பத்திரமாகத் தூங்கும். பருத்திக் குர்தாவை வாரம் இருமுறை வேலைக்குப் போட்டுப்போகலாம், துவைக்கலாம், கிழிந்தால் இன்னொன்று வாங்கலாம். தறி ஓய்வில்லாமல் ஓட இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

கூலியைப் பற்றிக் கேட்டேன். நூலும் சாயமும் மாஸ்டர் வீவர் தருகிறார், நெய்து முடித்த துணிக்குப் பணம் கணவர் கைக்கு வருகிறது என்றார் அந்த அம்மா. ஆசுக்கும் கட்டுக்கும் தாருக்கும் தனிக் கணக்கு இல்லையா என்றதற்கு, "எல்லாம் அதிலேயே" என்றார். அதிலேயே என்றால் அவர் வேலைக்கு எவ்வளவு? பிரித்துச் சொல்ல அந்த வீட்டில் யாராலும் முடியவில்லை. இந்தக் கணக்கைப் பிரித்து எழுதியாக வேண்டும்.

நான் துணி எடுத்தபோது இரண்டரை மீட்டர் கேட்டேன். அந்த அம்மா மூன்று மீட்டராக வெட்டச் சொன்னார். முன்துண்டும் பின்துண்டும் சேரும் பக்கத் தையலில் கட்டங்கள் ஒரே மட்டத்தில் நிற்கத் தையல்காரர் துணியை ஏற்றி இறக்கி வெட்ட வேண்டியிருக்குமாம். "அவரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்" என்றார்.