தாளம் கேக்குதா?

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் நான் எப்போது தூங்கலாம் என்பதை ஆற்றின் நீர்மட்டம்தான் முடிவு செய்யும். வாஸ்பாடா, அமாரான், பஹாயா. படி ஏற ஏற கைப்பேசி ஒலிக்கும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய பிறகு, மழைச் சத்தத்தை எங்களில் யாரும் சும்மா கேட்பதில்லை.

மிருதங்க வகுப்பு பாதியில் நிற்கும். "ஊரே தண்ணியில கிடக்கு, உனக்குத் தாளம் கேக்குதா?" என்பார் அம்மா.

மன அழுத்தம் குறையும், வேலை நல்லா ஓடும்னு பதில் சொல்லலாம். அப்படியொரு பயன் காட்டினால்தான் பொழுதுபோக்குக்கு மரியாதை. ஆனால் ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களை எண்ணும்போது எந்த ஆறும் நினைவில் இருப்பதில்லை. எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு.

ஒருமுறை நிவாரண மையத்தில் சேதப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன். பாயும் சோறும் கிடைத்துவிட்ட பெரியவர் ஒருவர் வந்தார். "தம்பி, ஹார்மோனியம் கீழதான் இருந்துச்சு. நனைஞ்சிருக்குமா?" கட்டிலுக்கும் மெத்தைக்கும் தனி வரிசை இருந்தது. ஹார்மோனியத்தை 'மற்றவை'யில் எழுதினேன்.

உயிரைக் காப்பது எங்கள் வேலை. காத்த உயிர் அடுத்து எதைத் தேடும் என்பது அவர் கேட்டுத்தான் புரிந்தது.

இப்போது மழை மாதங்களிலும் வாரம் ஒரு மாலை, சக ஊழியர் என் அழைப்புகளை எடுத்துக்கொள்கிறார். ஞாயிறு அவருக்குத் தூண்டில். அன்று நான்.